2028க்கு முன் செய்துமுடிக்க வேண்டியது

வெளிநாட்டுக் கடனை இனித் திருப்பிக் கட்ட இயலாது என்று இலங்கை அரசு 2022 ஏப்ரல் 12 அன்று அறிவித்தது. சுதந்திரத்துக்குப் பின் நாடு அப்படிக் கைவிரித்தது அதுவே முதல்முறை. அவ்வாண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில் 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவரை ஏறியது. செப்டெம்பரில் பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதம். உணவுப் பொருள்களின் விலை ஒரே ஆண்டில் கிட்டத்தட்ட இருமடங்காகியிருந்தது. எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்ற நாட்களை எவரும் மறந்திருக்க மாட்டார்கள்.

அந்த வரிசைகள் இன்று இல்லை. சர்வதேச நாணய நிதியத்தின் நான்காண்டுத் திட்டம் 2023 மார்ச்சில் தொடங்கியது. 2024 இல் பொருளாதாரம் 5 சதவீதம் வளர்ந்தது. பிணைமுறிக் கடன்களின் மறுசீரமைப்பும் அவ்வாண்டு இறுதியில் முடிவுக்கு வந்தது. ஆனால் கடன் மறையவில்லை, தள்ளிப்போடப்பட்டிருக்கிறது. 2028 இலிருந்து வெளிநாட்டுக் கடனை முதலோடு திருப்பிக் கட்டத் தொடங்க வேண்டும். நமக்குக் கிடைத்திருப்பது ஒரு தவணை. அந்தத் தவணைக்குள் உழைத்துச் சம்பாதிக்கும் வேலைகளை உருவாக்காவிட்டால், அடுத்த வரிசையில் நிற்கப்போவதும் இதே மக்கள்தான். அரசாங்கம் தனியாக இதைச் செய்ய முடியாது. ஆளும் கட்சி, எதிர்க்கட்சி, முதலாளி, தொழிற்சங்கம், வங்கி, ஊர்ச் சங்கம், வெளிநாட்டில் இருக்கும் உறவினர் என எல்லோரும் ஏற்றுச் செய்ய வேண்டிய பொறுப்பு இது.

பொறுப்பைப் பகிருமாறு மக்களிடம் கேட்பதற்கு முன் ஒரு கணக்கைத் திறந்து வைக்க வேண்டியிருக்கிறது. இதுவரை யார் எவ்வளவு கட்டினார்கள்? 2019 இன் இறுதியில் பெறுமதி சேர் வரி 15 சதவீதத்திலிருந்து 8 ஆகக் குறைக்கப்பட்டது. நேரடி வரிகளும் வெட்டப்பட்டன. இலாபம் பார்த்தவர்கள் வசதி படைத்தவர்கள். அரச வருமானம் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 8 சதவீத அளவுக்குச் சரிந்து, கஜானா வெறுமையானது. நெருக்கடி வந்ததும் அதே பெறுமதி சேர் வரி 12, 15, 18 என்று ஏறியது. 18 சதவீதம் என்பது கொழும்பில் பெரிய கடையில் சாமான் வாங்குபவருக்கும், கிளிநொச்சி வட்டக்கச்சியில் நாட்கூலிக்குப் போகும் பெண்ணுக்கும் ஒன்றே. மின்கட்டணம் 2022 ஆகஸ்டில் 75 சதவீதமும் 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதமும் கூட்டப்பட்டது. உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு வந்தபோது, தொழிலாளர்கள் வியர்வை சிந்திச் சேர்த்த ஊழியர் சேமலாப நிதியமே பாரம் சுமந்தது. பிணைமுறிகளை மாற்றிக்கொள்ளாவிட்டால் கூடுதல் வரி கட்ட வேண்டும் என்று இத்தகைய ஓய்வுகால நிதியங்களுக்குத்தான் நிபந்தனை விதிக்கப்பட்டது. உலக வங்கியின் கணிப்பில் 2021க்கும் 2022க்கும் இடையில் வறுமை ஏறத்தாழ இருமடங்காகி, நாட்டில் நான்கில் ஒருவரைப் பிடித்துக்கொண்டது.

2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் தந்த தீர்ப்பையும் இந்தக் கணக்கில் சேர்த்தே படிக்க வேண்டும். முன்னாள் ஆட்சியாளர்களான கோட்டாபய ராஜபக்ச, மஹிந்த ராஜபக்ச, பசில் ராஜபக்ச, மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர்கள் உட்படப் பலர் பொதுமக்களின் நம்பிக்கையை மீறினார்கள், பொருளாதாரச் சீரழிவுக்குப் பொறுப்பாளிகள் என்று நீதியரசர்கள் பெரும்பான்மையாகத் தீர்மானித்தார்கள். பொறுப்பு யாருடையது என்பது சட்டப்படி எழுதப்பட்டுவிட்டது. விலையைக் கொடுத்தவர்கள் வேறு ஆட்கள். ஆகவே இனி வரும் பொறுப்புப் பகிர்வில் வலுவுள்ளவர்கள் முதலில் முன்வர வேண்டும். வருமான வரி கட்ட வேண்டியவர்கள் ஒளிக்காமல் கட்டுவதும், அதை அரசு தயங்காமல் வசூலிப்பதும் அதன் முதற்படி. அது நடக்காமல் சாதாரண மனிதரிடம் மேலும் பொறுமை கேட்பது நியாயமில்லை.

வேலை என்றதும் நம் நாட்டில் கண் முதலில் அரச உத்தியோகத்தைத்தான் தேடுகிறது. தேர்தலுக்குத் தேர்தல் பட்டதாரிகளுக்கு நியமனம் வாக்களிக்கப்பட்டது. அப்படி உள்ளே வந்த அபிவிருத்தி உத்தியோகத்தர்கள் பலருக்குப் பிரதேச செயலகங்களில் மேசை கிடைத்தது, செய்வதற்குரிய வேலை கிடைக்கவில்லை. படித்த இளையவர்களின் சக்தி அப்படி வீணாவதைப் பார்க்க மனம் நோகிறது. அரச உத்தியோகத்தில் சேர முடியாதவர்கள் கடவுச்சீட்டுக்குப் போனார்கள். 2022 இல் மட்டும் 3 லட்சத்துக்கும் அதிகமானோர் வெளிநாட்டு வேலைக்காகப் பதிவுசெய்து புறப்பட்டார்கள். 2024 இல் வெளிநாட்டில் உழைப்பவர்கள் அனுப்பிய பணம் 650 கோடி டொலருக்கு மேல். நாட்டின் முதன்மையான ஏற்றுமதித் தொழிலான ஆடைத் தொழில் ஈட்டியதைவிட அது அதிகம். போனவர்களைக் குறைசொல்ல எவருக்கும் உரிமையில்லை. பிள்ளைகளைப் பிரிந்து வளைகுடா நாட்டு வீடுகளில் வேலைசெய்யும் தாய்மாரின் உழைப்பில் ஒரு நாடு மூச்சுவிடுகிறது என்பதை அந்த நாட்டின் அரசியல் தலைமைதான் எண்ணிப் பார்க்க வேண்டும்.

வடக்குக் கிழக்குக்கு உற்பத்தியின் பழைய நினைவு ஒன்று உண்டு. அதைப் பெருமைக்காக இங்கே எழுதவில்லை, அதற்குள் ஒரு பாடம் இருக்கிறது. ஆனையிறவில் உப்பு விளைந்தது. அந்த உப்பைக் கொண்டு பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையில் கோஸ்டிக் சோடாவும் குளோரினும் செய்தார்கள். சோப்புக்கும் காகிதத்துக்கும் கோஸ்டிக் சோடா வேண்டும், குடிநீரைச் சுத்திகரிக்கக் குளோரின் வேண்டும். வாழைச்சேனையில் கிழக்கின் வயல்களிலிருந்து வந்த வைக்கோல் காகிதமானது. காங்கேசன்துறையில் 1950 இல் தொடங்கிய சீமெந்துத் தொழிற்சாலை, காலடியில் கிடந்த சுண்ணக்கல்லை எடுத்து நாடு முழுவதும் வீடு கட்டத் தந்தது. ஒரு தொழிலின் கழிவோ விளைவோ இன்னொன்றின் மூலப்பொருளாக இருந்ததால் லொறிக்காரர், பொருத்துநர், கணக்காளர், சாப்பாட்டுக்கடைக்காரர் என வேலைகள் கொத்தாக வந்தன. போர் அந்தக் கோவையை அறுத்தது. 1990க்குப் பின் சீமெந்து ஆலையின் புகைபோக்கியில் புகை வரவில்லை. போர் முடிந்து பல ஆண்டுகளாகியும் கோவை மறுபடி முழுமையாகக் கட்டப்படவில்லை.

2025 மார்ச்சில் ஆனையிறவில் மேசை உப்புத் தொழிற்சாலை திறக்கப்பட்டது. நல்ல தொடக்கம், வரவேற்கிறோம். அதே ஆண்டில் நாட்டில் உப்புத் தட்டுப்பாடு ஏற்பட்டு இந்தியாவிலிருந்து இறக்குமதி செய்ய வேண்டி வந்தது. நாற்புறமும் கடல் இருக்கும் தீவு உப்புக்குக் கப்பலைப் பார்த்திருந்தது. காலந்தவறிய மழை ஒரு காரணம் என்றார்கள், அது உண்மைதான். ஆனாலும் உற்பத்தி ஓரிரு இடங்களில் மட்டும் குவிந்திருந்தால் ஒரு மழை போதும், நாடு முழுவதும் தட்டுப்பாடு வந்துவிடும் என்பதும் உண்மை. ஆனையிறவைத் திறந்தவர்கள் பரந்தனையும் சேர்த்து யோசிக்க வேண்டும். உப்புக்குப் பெயர் வைப்பதையும் விலை குறிப்பதையும்விட முக்கியம், உப்பளத்தில் வெயிலில் நிற்பவருக்கு நிரந்தர நியமனமும் சேமலாப நிதியும் கிடைப்பது.

விவசாயத்துக்கும் அப்படியொரு நினைவு உண்டு. 1970 முதல் 1977 வரை இறக்குமதிக்குக் கட்டுப்பாடு இருந்தபோது யாழ்ப்பாணக் குடாநாட்டின் மிளகாய்க்கும் சின்ன வெங்காயத்துக்கும் நல்ல விலை கிடைத்தது. தோட்டக்காரர்கள் கல்வீடு கட்டினார்கள், இயந்திரம் வாங்கினார்கள், வன்னிக்குப் போய்க் காணி வெட்டினார்கள். 1977 இல் சந்தை திறந்துவிடப்பட்டதும் அந்த விலை விழுந்தது. பலர் இதை ஒரு பொற்காலமாகச் சொல்வதுண்டு. ஆனால் குடாநாட்டுத் தோட்டக்காரர் நிமிர்ந்த அதே ஆண்டுகளில் மலையகத் தோட்டங்களில் மக்கள் பட்டினியால் செத்தார்கள். உணவு கிடைக்காமல் லயன் அறைகளை விட்டு வன்னிக்கும் கிழக்குக்கும் நடந்து வந்தவர்கள் உண்டு. ஒரு பகுதியை வாழவைத்து இன்னொரு பகுதியைச் சாகவிட்ட கொள்கையை முன்மாதிரியாக நாம் கொள்ள முடியாது. உள்ளூர் உற்பத்திக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று இன்று கேட்கும் நாம், அதே மூச்சில் மலையகத்தின் அடுப்பையும் நினைத்துத்தான் கேட்க வேண்டும்.

விவசாயியைக் கேட்காமல் எடுத்த முடிவு என்ன செய்யும் என்பதற்கு 2021 இரசாயன உரத் தடையே போதும். சேதனப் பசளை நல்லதா கெட்டதா என்ற விவாதம் வேறு. ஒரு போகத்துக்கும் அடுத்த போகத்துக்கும் இடையில் நாடு முழுவதையும் மாற்றிவிடலாம் என்று மேலிருந்து ஆணை வந்தது. நெல்லும் தேயிலையும் விழுந்தன. அவ்வாண்டு நவம்பரில் தடையை விலக்கிக்கொண்டார்கள், இழப்பு விவசாயியிடமே நின்றது. மக்களுக்கு அதிகாரம் என்று நாம் சொல்வது இதைத்தான்: வயலில் நிற்பவரிடம் கேட்காமல் வயலைப் பற்றிய முடிவு வரக்கூடாது. அதற்கான அமைப்பு சட்டத்தில் இருக்கிறது. விவசாயமும் கூட்டுறவும் மாகாண சபைகளின் கைக்கு உரியவை. வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன்பின் தேர்தலே நடக்கவில்லை. ஜனாதிபதிகள் மாறினார்கள், பாராளுமன்றம் மாறியது, 2025 மே மாதத்தில் உள்ளூராட்சித் தேர்தலும் நடந்தது. மாகாணத்தில் மட்டும் மக்கள் தெரிவுசெய்த ஒருவரும் இல்லாமல் ஆளுநரே நிருவாகம் நடத்துகிறார். மாகாணத் தேர்தலை வெறும் இனப்பிரச்சினைக் கோரிக்கையாகவே பார்த்துப் பழகிவிட்டோம். வேலைவாய்ப்புத் திட்டமிடும் மேசையில் மக்களின் நாற்காலி வெறுமையாக இருப்பதே அதன் உடனடிப் பொருள், அது தெற்கின் மாகாணங்களுக்கும் பொருந்தும்.

பெண்களின் நிலைக்கு வருவோம். உழைக்கும் வயதுள்ள பெண்களில் மூன்றில் ஒரு பங்கினரளவே தொழிற்படையில் இருக்கிறார்கள். ஆண்களில் பத்துக்கு ஏழு பேர். பெண்களுக்கு விருப்பமில்லை என்று சொல்பவர்கள், வன்னியின் உட்கிராமங்களிலிருந்து ஆடைத் தொழிற்சாலைக்குப் போகும் பிள்ளைகள் விடியமுன் வீதியில் பஸ்ஸுக்கு நிற்பதைப் பார்த்திருக்க மாட்டார்கள். குழந்தையைப் பார்க்க ஆள் இல்லை, மாலையில் திரும்பப் பாதுகாப்பான பஸ் இல்லை, கிடைக்கும் சம்பளத்தில் ஒரு பங்கு போக்குவரத்துக்குப் போகிறது. ஒரு பகல்நேரப் பராமரிப்பு நிலையம், நேரத்துக்கு ஓடும் ஒரு பஸ் ஆகிய இரண்டும் பிரதேச சபையும் போக்குவரத்துச் சபையும் சேர்ந்தால் செய்யக்கூடியவை. கோடிக்கணக்கில் முதலீட்டைக் கூட்டி வருவதாக மேடையில் பேசுபவர்கள் இந்தச் சிறிய காரியங்களைத் தங்கள் தகுதிக்குக் குறைவாக எண்ணக்கூடாது.

வீட்டில் இருந்தபடி தொழில் செய்ய முயன்ற பெண்களை நுண்கடன் பிடித்துக்கொண்டது. போருக்குப் பின் கணவரை இழந்து குடும்பத்தைத் தனியே சுமந்தவர்களைத் தேடிக் கம்பனிகள் வீட்டு வாசலுக்கே வந்தன. குழுவாகச் சேர்த்து, ஒருவருக்கொருவர் பிணை நிற்கவைத்து, கிழமைக்குக் கிழமை அறவிட்டன. கோழி வளர்க்க வாங்கிய கடனை அடைக்க இன்னொரு கம்பனியில் கடன், அதை அடைக்க மூன்றாவது. கிழமைக் கடன்காரர் வரும் நாளில் கதவைப் பூட்டிவிட்டு வளவுக்குப் பின்னால் ஒளிந்திருந்த தாய்மார் எத்தனை பேர்! உயிரை மாய்த்துக்கொண்டவர்களும் உண்டு. 2018 இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் ஒரு லட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடன்களை இரத்துச் செய்வதாக அரசு அறிவித்தது, வட்டிக்கு 35 சதவீத உச்சவரம்பும் வந்தது. 35 சதவீதம் ஓர் ஆறுதலாகத் தெரிந்தது என்றால் அதற்கு முன் இருந்ததை நினைத்துப் பாருங்கள். 2021 இல் பொலன்னறுவை மாவட்டத்தின் ஹிங்குராக்கொடையில் கடனாளிப் பெண்கள் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். சிங்களப் பெண்கள் தொடங்கிய போராட்டத்தில் தமிழ், முஸ்லிம் பெண்களும் தங்கள் கதையைக் கண்டார்கள். ஒருமித்த கருத்து என்பது கொழும்பின் மாநாட்டு மண்டபத்தில் மட்டும் பிறப்பதில்லை என்று காட்டியவர்கள் அவர்கள்.

அந்தப் பெண்களுக்கு வேண்டியது நியாயமான வட்டியில் கடன். அதைத் தரக்கூடிய அமைப்பு நம் ஊர்களில் நூறு ஆண்டுகளுக்கு மேலாக இருக்கிறது. 1911 இல் கூட்டுறவுச் சங்கச் சட்டம் வந்தபின் சிக்கன கடனுதவிக் கூட்டுறவுச் சங்கங்கள் கிராமம் கிராமமாக வேர்விட்டன. யாழ்ப்பாணத்து மூளாயில் ஊர்மக்கள் 1930களில் கூட்டுறவாக ஒரு வைத்தியசாலையையே கட்டினார்கள். சீவல் தொழிலாளர்கள் 1970களின் தொடக்கத்தில் கள்ளுத் தவறணைக் குத்தகைக்காரரின் பிடியிலிருந்து வெளிவந்து தங்கள் சங்கங்களை அமைத்தார்கள். சாதியாலும் வறுமையாலும் ஒதுக்கப்பட்ட ஒரு சமூகத்தின் பிள்ளைகள் படித்து மேலே வர அந்தச் சங்கங்கள் கைகொடுத்தன. போர்க்காலத்தில் பொருளாதாரத் தடைக்குள்ளும் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களின் கிளைகளே அரிசியும் மாவும் பங்கிட்டன. அரசும் தனியாரும் எட்டாத இடத்தில் மக்கள் தங்களுக்காகத் தாங்களே நடத்திய நிறுவனம் அது.

அதன் குறைகளும் நமக்குத் தெரியும். கட்சிக்காரர் நிருவாகசபைக்குள் புகுந்தார்கள். கணக்காய்வு ஆண்டுக்கணக்கில் தேங்கியது. கடன் வாங்கியவர் திருப்பிக் கட்டாமல் விட்டார். உறுப்பினர்கள் பொதுக்கூட்டத்துக்குப் போவதை நிறுத்தினார்கள். கடைசிக் குறையைத் திருத்துவது நம் கையில் இருக்கிறது, மற்றவை பெரும்பாலும் அதைத் தொடர்ந்து வந்தவை. கூட்டுறவுக்கு மலிவான மூலதனம் தருவது அரசின் கடமை. தந்த பணம் எங்கே போனது என்று கேட்பது உறுப்பினரின் கடமை. இரண்டில் ஒன்று தவறினாலும் நுண்கடன் கம்பனியின் மோட்டார் சைக்கிள் மறுபடி ஒழுங்கைக்குள் வரும்.

புலம்பெயர்ந்த உறவுகளிடம் ஒன்று சொல்ல வேண்டும். கோயிலுக்குக் கோபுரமும் திருமண மண்டபமும் கட்டத் தந்த மனம் பெரிய மனம். அதே மனத்தோடு ஊர்ச் சங்கத்தின் பால் குளிரூட்டும் நிலையத்துக்கோ, மீன் பதனிடும் கூடத்துக்கோ பங்குப் பணம் போடுங்கள். தானமாகத் தந்தால் நன்றி கிடைக்கும். பங்காகப் போட்டால் கணக்குக் கேட்கலாம், ஊரில் பத்துப் பேருக்கு மாதச் சம்பளம் ஓடும். கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியற் பீடமும் விவசாய பீடமும் இலங்கை–ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவனமும் அருகருகே இருக்கின்றன. அங்கே படித்து வெளிவரும் பிள்ளைக்கு அயலிலேயே ஒரு வேலைத்தளம் இருந்தால் விமானச் சீட்டைப் பற்றி யோசிக்கும் கட்டாயம் குறையும்.

மீன்பிடியில் நமக்கும் தமிழ்நாட்டுக்கும் இடையே கசப்பான ஒரு கணக்கு இருக்கிறது. கடலடியை வாரும் இழுவைமடியை இலங்கை 2017 இல் சட்டத்தால் தடைசெய்தது. பாக்கு நீரிணையைத் தாண்டி வரும் இழுவைப் படகுகள் வடபகுதி மீனவரின் வலையையும் வாழ்வையும் அறுப்பது இன்னும் நிற்கவில்லை. அந்தப் படகில் கூலிக்கு வரும் தொழிலாளியும் ஏழைதான். இரு கரையின் சங்கங்களும் நேரே பேசி முடிக்க வேண்டிய விடயம் இது. அதுவரை எத்தனை மீன்பிடித் துறைமுகம் கட்டினாலும் பிடிக்க மீன் இருக்காது.

மலையகத்தைப் பற்றித் தனியே எழுத வேண்டும் என்றாலும் இங்கே சொல்லாமல் விடமுடியாது. 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவானது. குறித்த கிலோ கொழுந்து எடுக்காவிட்டால் அரைநாள் சம்பளமாக ‘அரைப்பேர்’ போடும் வழக்கம் இருக்கும்வரை எந்த நாட்சம்பளமும் தாளில் மட்டுமே முழுமையானது. தொழிலாளியிடம் பிடித்த சேமலாப நிதியை உரிய இடத்தில் செலுத்தாமல் நிலுவை வைத்த தோட்டங்களில் அரசு நடத்துபவையும் அடங்கும். சட்டப்படி தொழிலாளி 8 சதவீதம், தொழில் தருநர் 12 சதவீதம். அரசே அதைக் கட்டாமல் விட்டால் தனியார் முதலாளியிடம் எந்த முகத்தோடு கேட்பது? 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலில் நாடு 600க்கும் மேற்பட்ட உயிர்களை இழந்தது. மலைச்சரிவுகள் வீடுகளையும் தோட்டங்களையும் கொண்டுபோயின. இருநூறு ஆண்டுகளாக உழைத்த மக்களுக்குப் பாதுகாப்பான இடத்தில் சொந்தக் காணி கொடுப்பதை இனியும் ஒத்திப்போடக் கூடாது. சொந்தக் காணி இருப்பவர் மரக்கறி போடுவார், மாடு வளர்ப்பார், வங்கியில் கடன் கேட்பார். வேலைவாய்ப்புத் திட்டம் அந்தக் காணி உறுதியிலிருந்தே தொடங்கும்.

ஆளும் கட்சியும் எதிர்க்கட்சிகளும் 2028க்கு முன் சிலவற்றிலாவது உடன்பட்டு, ஆட்சி மாறினாலும் மாற்றமாட்டோம் என்று பாராளுமன்றத்தில் எழுதிவைக்க வேண்டும். மாகாண சபைத் தேர்தலுக்கு ஒரு திகதி, கூட்டுறவுக்கும் சிறுதொழிலுக்கும் வரவு செலவுத் திட்டத்தில் ஒரு நிலையான ஒதுக்கீடு, மலையகக் காணி உறுதிகள், சேமலாப நிதி நிலுவைகளைத் தீர்ப்பதற்கு ஒரு கால அட்டவணை. சிறுதொழில் நடத்துவோரின் சொத்தை வங்கிகள் நீதிமன்றம் போகாமலே ஏலத்தில் விடும் பராட்டே அதிகாரத்தை 2024 இல் தற்காலிகமாக நிறுத்தியபோது பல கட்சிகளும் ஆதரவாகப் பேசின. அந்த ஒற்றுமை மறுபடி கூடாத ஒன்றல்ல.

எங்கள் பங்குக்கு நாங்கள் செய்ய வேண்டியது இவ்வாண்டே இருக்கிறது. உங்கள் ஊர்ச் சிக்கன கடனுதவிச் சங்கத்தின் அல்லது பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தின் வருடாந்தப் பொதுக்கூட்டத் திகதியை முகாமையாளரிடம் கேட்டு அறியுங்கள். உறுப்பினராக இல்லாவிட்டால் பங்குப் பணம் கட்டிச் சேருங்கள். கணக்கறிக்கையைக் கூட்டத்துக்கு முன்பே கேட்டு வாங்கிப் படியுங்கள். கடன் யாருக்குப் போனது, எவ்வளவு திரும்பி வந்தது, ஊரில் எந்தத் தொழிலுக்கு இவ்வாண்டு பணம் ஒதுக்கப்படுகிறது என்று எழுந்து நின்று கேளுங்கள். நிருவாகசபைத் தெரிவு வரும்போது, கிழமைக் கடனால் கஷ்டப்பட்ட பெண்களில் இருவரை முன்மொழியுங்கள்.